பழசுக்கா, புதுசுக்கா?

நீதிபதி பதினான்கு மாதம் என்று சொன்னபோது நான் ஜூரிகளின் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காலி. முதல் நாற்காலியில் எங்கள் வக்கீலம்மா ஹால்வர்சனின் மழைக்கோட்டு மட்டும் ஈரத்தோடு கிடந்தது.

எனக்கு ஜூரி வேலை தெரியும். போன வருடம் இதே டொலிடோவில் எவனோ புல்வெட்டும் எந்திரத்தைத் திருடிவிட்டான் என்று எங்கள் எட்டுப் பேரை மூன்று நாள் உட்கார வைத்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, அந்தத் துருப்பிடித்த சனியனுக்காக மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் சந்தேகம் தீராமல் அவனை விட்டுவிட்டோம். என் தம்பி வெண்டலின் பதினான்கு மாதத்துக்கு இருபது நிமிடம்தான் ஆனது.

போதைமருந்து கேஸில் அவனுக்குச் சட்டத்தின் உச்சபட்சம், பத்து வருடம். உள்ளே வாயாடி நன்னடத்தைக் கழிவையும் தொலைத்து, பத்தையும் முழுசாக முடித்தான். வெளியே வந்ததும் மூன்று வருடக் கண்காணிப்பு; விதியை மீறினால் திரும்ப உள்ளே. அனுமதி இல்லாமல் மாநில எல்லை தாண்டக் கூடாது. எங்கள் பக்கம் எல்லை என்பது ஒரு தெரு. இந்தப் பக்கம் ஒஹாயோ, அந்தப் பக்கம் மிச்சிகன். அவன் மகள் ஷெவான் அந்தப் பக்கத்து மைதானத்தில் சாஃப்ட்பால் ஆடினாள். பாவி, தெருவைக் கடந்துவிட்டான். அதுவும் இரண்டாவது தடவை.

"யுவர் ஆனர், பத்து வருஷத்துக்கு மேல ஒரு நாள் போகணும்னாலும் ஜூரி முன்னாடி நிரூபிக்கணும். அரசியல் சட்டம் அதைத்தானே சொல்லுது?" என்று வக்கீலம்மா கேட்டார்.

நீதிபதி கோபப்படவில்லை. "இது புதுக் குத்தத்துக்குத் தண்டனை இல்லம்மா. கோர்ட்டு வெச்ச நம்பிக்கைய இவர் மீறிட்டார். இது பழைய தண்டனையோட ஒரு பாகம்தான்."

நம்பிக்கையா! இவன் மேல் அதை எப்போது வைத்தார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய தண்டனை என்றால் அதுதான் முடிந்துவிட்டதே. புதுசு என்றால் ஜூரி எங்கே? இப்படித் திருப்பினாலும் அப்படித் திருப்பினாலும் எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பீல் போறோம்" என்றார் வக்கீலம்மா, பக்கத்தில் வந்து. "ஆனா இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் நம்ம பக்கம் சாய மாட்டாங்க."

"எவ்ளோ நாளாகும்?"

"ஒரு வருஷம் ஆகலாம்."

"அதுக்குள்ள அவன் முக்கால்வாசி முடிச்சிருவானேம்மா!"

அவர் காகிதங்களை அடுக்கினார்.

விலங்கு மாட்டும்போது வெண்டல் என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஷெவான் கேப்பா. நான் எதுக்குப் போறேன்னு சொல்லுவே? பழசுக்கா, புதுசுக்கா?"

"தெரியலடா. சத்தியமா எனக்கே புரியலடா."

அவனைக் கூட்டிப்போனார்கள். வக்கீலம்மா போய் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டார். அந்த முதல் நாற்காலியில் மட்டும், யாரோ நனைந்து வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்துபோனது போல ஈரம் இருந்தது.