உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

...இல்லை, இது மூடிமேல் ஓடுகிற தண்ணீரின் சத்தம், உள்ளே வருகிற தண்ணீர் இப்படித் தம்பட்டம் அடிக்காது என்று அவள்தான் சொன்னாள், சொல்லிவிட்டு என்னைக் காரின் டிக்கிக்குள் படுக்கவைத்து மூடியைச் சாத்திவிட்டாள், முழங்கால் மோவாயில் இடிக்கிறது, கையில் டார்ச், தலைமாட்டில் ஸ்டெப்னியை எடுத்துவிட்ட பள்ளம், கட்டிய மனைவியே புருஷனை டிக்கியில் போட்டு அடைத்ததை எதிர்வீட்டுக்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்... “தெரியுதா?” என்று வெளியிலிருந்து கேட்கிறாள். “ஒண்ணும் இல்ல.” “அவசரப்படாதீங்க, இப்பதான் கீழேருந்து ஆரம்பிச்சிருக்கேன்.” கீழேயிருந்து! இது ஏன் வேறு யாருக்கும் தோன்றவில்லை? மழை பெய்தால் டிக்கி ஒழுகுகிறது என்று காட்டியதும் முதல் மெக்கானிக் ரப்பர் போயிடுச்சு சார் என்று ரப்பரை மாற்றினார், அடுத்தவர் பின்கண்ணாடியைச் சுற்றிப் பசையை அப்பினார், மழை பெய்தது, பள்ளத்தில் பழையபடி தண்ணீர், நாலு மீன் வாங்கி விடலாம் போல. இவளோ எல்லாவற்றையும் துடைத்து, வெயிலில் காயவைத்து, உள்ளே தகடும் தகடும் சேர்கிற இடங்களிலெல்லாம் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவினாள், ஒரு சொட்டு இறங்கினாலும் கோடு விழுந்துவிடும், மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எது திருடன் என்று தெரியாமல் போகும், அதனால் கீழேயிருந்து, ஒவ்வோர் இடமாக, குழாயை மெல்லத் திறந்து, பொறுத்திருந்து...

எதையுமே அவள் இப்படித்தான் பார்க்கிறாள். என் அம்மா ஒரு மாதமாக உப்பில்லை, காரம் அதிகம் என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, சரி, மாமியார் மருமகள் யுத்தம் தொடங்கிவிட்டது என்று நான் நடுவில் நின்று முழித்தேன், இவள் கோபப்படவே இல்லை, அம்மா எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று கவனித்துவிட்டு “அத்தை, கொஞ்சம் வாயைத் திறங்க” என்றாள், கடைவாய்ப் பல் சொத்தை, அவ்வளவுதான், பல்லை எடுத்த பிறகு அதே சமையலுக்கு அம்மா சப்புக்கொட்டினாள். எனக்கு அந்தக் கண் கிடையாது, ஈரம் தெரிந்த இடத்தில்தான் ஓட்டை என்று நினைக்கிற ஆள் நான். அப்படியென்றால் என்னையும் அவள் அப்படித்தான் பார்த்திருப்பாளோ...? அவளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, வேறு ஊர், வாரக் கடைசியில் வீடு, திங்கட்கிழமை இந்தக் காரை அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள், விஷயம் கேட்டதும் குதித்தவன் நான், உண்மையாகவே பெருமையாக இருந்தது, அப்புறம் ராத்திரி சாப்பிடும்போது “ஒழுகுற வண்டியில மழைக்காலத்துல தனியா எப்படிப் போவ?” என்று ஆரம்பித்தவனும் நான்தான். மறுநாள் அவள் பவுடர் டப்பாவோடு வந்து நின்றாள்.

அதோ... இடது பக்க விளக்கின் பின்புறம், வெள்ளைப் பவுடரில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு, நுனியில் ஒரு சொட்டு, விழவா வேண்டாமா என்று தொங்குகிறது. பிடித்துவிட்டாளே, கெட்டிக்காரி! “தெரியுதா?” சொல்லவேண்டியதுதானே, ஏன் நாக்கு எழவில்லை, ஒரு சொட்டு விழுந்தது, இன்னொன்று ஊறுகிறது, இது இல்லை என்று சொல்லிவிட்டால், திங்கட்கிழமை அவள்... சீ, என்ன புத்தி இது. “என்னங்க, தூங்கிட்டீங்களா?” “இருக்கு... இடது பக்கம், லைட்டுக்குப் பின்னால.” மூடி திறந்தது, வெயிலில் கண் கூசியது, என் மீசையிலிருந்த பவுடரைப் பார்த்து அவள் சிரித்தாள், சிரித்தபடியே விளக்கைக் கழற்றினாள், அதைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு மூலையில் மடிந்து கிடந்தது. “இவ்வளவுதான் பாருங்க,” என்று விரலால் நீவி, நேராக உட்காரவைத்து விளக்கைத் திரும்ப முடுக்கினாள், உள்ளே ஈரத்தை ஒற்றியெடுத்துப் புதிதாகப் பவுடர் தூவினாள். “இப்ப நான் உள்ள, நீங்க ஊத்துங்க.”

மூடியை என் கையாலேயே சாத்தினேன். விளக்கின்மேல் தண்ணீரைக் காட்டுகிறேன், சிவப்புக் கண்ணாடியில் வழிகிறது, வேறெதுவும் தெரியவில்லை, உள்ளே இருந்தவனுக்காவது பார்க்க ஒரு கோடு இருந்தது, இங்கே வெறும் தகரம்... இவ்வளவு நேரமும் இவள் இப்படித்தான் நின்றிருந்தாளா, என் குரல் வரட்டும் என்று? “வருதா?” பதில் இல்லை. “ஏம்மா, வருதா?” எதுவுமில்லை, தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடுகிறது... பிறகு மெல்ல, “வரல” என்கிறாள். காய்ந்து கிடக்கிறது என்று சொல்ல இவ்வளவு நேரமா, இவளுக்கா? எல்லாவற்றையும் பார்த்ததும் சொல்கிறவளுக்கா? இவளுக்கும் என்னைப்போலவே நாக்கு எழவில்லையோ, என்னவோ... குழாயை மூடப் போகிறேன். “இருங்க,” என்கிறாள் உள்ளிருந்து, “இன்னும் கொஞ்ச நேரம் ஊத்துங்க.”