புள்ளி நகராத பகல்

சனிக்கிழமை மதியத்துக்கு முன்பே தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டது. வர வேண்டிய உதிரிபாகங்கள் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டதாகச் சொல்லி சூப்பர்வைசர் எல்லோரையும் அனுப்பிவிட்டார். காலையில் ஒப்படைத்த போன்களை, கேட்டில் டோக்கன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு பெண்கள் வெளியேறினார்கள். சுவாதி மட்டும் டோக்கனை நீட்டவில்லை. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் செக்யூரிட்டியிடம் சொன்னாள். கேட்டில் போன்களை வைக்கும் மர அடுக்கில் போன் கிடக்கும்வரை அவள் வேலையில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

கல்யாணமான வாரமே கணவன் திருமலை அவளுடைய போனில் இருப்பிடம் காட்டும் வசதியைப் போட்டுவிட்டான். ஓசூர் புது ஊர், ஷிப்ட் வேலை, பாதுகாப்புக்கு என்றான். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள், அதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். அவன் இன்னொரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை. கேட்பான், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் நின்றாயே, கால் வலித்திருக்குமே என்று சாப்பிடும்போது கேட்பான். பூக்கடைத் தெருவில் என்ன வேலை என்று காவேரிப்பட்டினத்திலிருந்து மாமியார் போனில் கேட்டபோதுதான், வரைபடத்தில் அவளைக் காட்டும் அந்த நீலப் புள்ளியை இன்னும் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற யோசனை அவளுக்கு வந்தது. ஓரிடத்தில் நிற்பதற்கு முன்பே பதிலைத் தயார் செய்துகொள்ளப் பழகினாள். பிறகு நிற்பதையே விட்டுவிட்டாள்.

ஸோயா அதே லைனில் அவளுக்கு எதிரே உட்காருகிறவள். விடுமுறைகளில் அவள் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் தேடிப் போய், உள்ளே இருக்கும் சீட்டில் தங்கள் விளையாட்டுப் பெயரை எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு என்று எதுவும் கிடையாது. அதுதான் சுவாதிக்குப் பிடித்தது. எதற்காகப் போனாய் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்குப் போய்வருவது.

முதல் தடவை போனை வைத்துக்கொண்டு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போனாள். டப்பாவைத் தொடுவதற்குள் திருமலை கூப்பிட்டுவிட்டான். புதருக்குள் என்ன பண்ணுகிறாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அதற்குப் பிறகுதான் காகிதத்துக்கு மாறினாள். பாகலூர் சாலை ஜெராக்ஸ் கடையில் எண்கள், மேலிருந்து எடுத்த படம், ஒளித்தவர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொள்வாள். கடைக்காரர் ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, வீடு கட்ட சைட் வாங்கறீங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினாள். கௌதாரி என்று ஒரு விளையாட்டுப் பெயரும் வைத்துக்கொண்டாள். அந்தப் பெயரில் தன்னை யாருக்கும் தெரியாது என்பதே பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஸோயாவுக்கு இந்தக் காகிதம் வேடிக்கை. அவளிடம் பெங்களூரில் பழசாக வாங்கிய கையடக்க ஜிபிஎஸ் கருவி இருந்தது. மஞ்சள் விளிம்போடு, சோப்புக்கட்டி கனத்தில். அந்தச் சனிக்கிழமை சூளகிரியைத் தாண்டி ஸ்கூட்டரை மண்பாதையில் திருப்பும்போதும் அதைப் பற்றித்தான் பேசினாள்.

"இது உன் போன் மாதிரி இல்ல சுவாதி. மேல இருந்து வர்றத கேட்டுக்கும், அவ்ளோதான். நீ எங்க இருக்கன்னு யாருக்கும் சொல்லாது."

"இருக்கட்டும். திரைன்னு ஒண்ணு கையில இருந்தாலே பின்னாடி யாரோ நிக்கற மாதிரி இருக்கு எனக்கு."



பாறைக் கரட்டின் அடிவாரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஏறினார்கள். காகிதத்தில் இருந்த புங்கமரத்தைக் காணவில்லை. மரம் நின்ற இடத்தில் கல்குவாரி ஒரு பக்கத்தை நேராக அறுத்து எடுத்திருந்தது. கீழே பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். கருவியின் அம்பு பள்ளத்துக்கு மேலே எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. வேலை நடக்காத நாள், ஆள் நடமாட்டமே இல்லை. விளிம்பைச் சுற்றி உடைகல் குவியல் வழியாகப் போகலாம் என்று ஸோயா முன்னால் நடந்தாள். கருவியைப் பார்த்துக்கொண்டே வைத்த கால் வழுக்கியது. பள்ளத்தில் விழவில்லை, நல்லவேளை. ஆனால் இரண்டு கற்களுக்கு நடுவே போன பாதம் பிசகிக்கொண்டது. சுவாதி இழுத்து மேலே கொண்டுவந்து உட்காரவைப்பதற்குள் கணுக்கால் வீங்கிவிட்டது. எழுந்து நிற்க முயன்ற ஸோயாவுக்கு முகமெல்லாம் வியர்த்தது.

ஸோயாவின் போனில் பேச மட்டும்தான் சிக்னல் இருந்தது, நெட் இல்லை. அவளுடைய அத்தா சரக்கெடுக்கச் சென்னைக்குப் போயிருந்தார். 108-க்குக் கூப்பிட்டார்கள். வண்டி நெடுஞ்சாலை வரை வரும், யாராவது கீழே தூக்கிவர வேண்டும் என்றார்கள். சுவாதி ஸோயாவைத் தோளில் சாய்த்து நடக்கப் பார்த்தாள். ஒரு பாறையைத் தாண்டுவதற்குள் ஸோயா வலியில் வாந்தி எடுத்தாள். நிழல் இல்லை. தண்ணீரும் தீர்ந்திருந்தது.

சுவாதி போனுக்காகக் கையை நீட்டியபோது ஸோயாவுக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம். கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

"ஆவாது. குடு."

மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவனுடையதுதான். திருமலை முதல் மணியிலேயே எடுத்தான். நான்தான் என்றாள்.

"இது யார் நம்பர்? நீ கம்பெனியில இருக்கறதாதான காட்டுது?"

"கம்பெனியில இல்லீங்க."

ஸ்டோர்ஸில் யாரோ டிராலி தள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் நடந்ததைச் சொன்னாள். எங்கே என்று கேட்டான். அந்தக் கரட்டுக்குப் பெயர் இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை. மடித்த காகிதத்தை விரித்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவன் எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டினான். ஒரு எண் தப்பாக இருந்தது. அவளே திருத்தினாள்.

நண்பன் வெங்கட்டோடு அவனுடைய காரில் வந்தான். தண்ணீர், கட்டுத்துணி, வலி மருந்து எல்லாம் கொண்டுவந்தான். ஸோயாவை அம்மா என்று அழைத்து, பக்குவமாகக் கட்டுப் போட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து சுவாதியின் போனை எடுத்து நீட்டினான். வழியில் கேட்டில் நின்று, புருஷன் என்று சொல்லி டோக்கன் இல்லாமலே வாங்கி வந்திருக்கிறான். "சார்ஜ் கம்மியா இருந்துச்சு. கார்லயே போட்டுட்டேன்" என்றான். அவள் எதிர்பார்த்த கேள்வி வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

திருமலை எண்களைப் போட்டுவைத்த தன் போனைப் பார்த்தபடி விளிம்பைச் சுற்றிப் பாறைகளுக்குள் நடந்தான். சாய்ந்து கிடந்த இரண்டு கற்களின் முன்னால் நின்று, குனிந்து இடுக்குக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம். உள்ளே சுருட்டி வைத்திருந்த சீட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்து, பாறை மேல் வைத்து எழுதினான். திருமலை, சுவாதி.

"நல்ல வெளையாட்டா இருக்கே. என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான். "இனிமே பேப்பரெல்லாம் வேணாம். நான் ஆப் போட்டுக்கறேன். ஞாயித்துக்கிழமைல ரெண்டு பேரும் சேந்தே வரலாம்."

அவள் சரிங்க என்றாள். ஸோயா அவளைப் பார்க்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெங்கட் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். திருமலை ஸோயாவைக் கைத்தாங்கலாக இறக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்தான். சுவாதி முன்னால் உட்கார்ந்தாள். மண்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில், சாலையில் வந்த ஒரு கல் லாரிக்கு வழிவிட்டுக் கார் நின்றது. லாரியில் ஒரே ஒரு கருங்கல் பாளம், அறை அளவுக்கு, நான்கு பக்கமும் சங்கிலி. அறுத்த பக்கங்கள் கண்ணாடியாக மின்னின. அறுக்காத மேல்பக்கத்தில் மட்டும் ஏதோ ஒரு கரட்டின் மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு பிடி புல், வண்டி வேகமெடுக்க எடுக்க ஒரே பக்கமாகச் சாய்ந்து, வேரோடு கிருஷ்ணகிரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.