கணக்கு ரெண்டு பேப்பர்

சலவைக்கூடத்தில், உருளை இஸ்திரி இயந்திரத்துக்குள் போன ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மறுபக்கம் ஆவியோடு வந்தது. அக்கா இரண்டு முனைகளைப் பிடித்தாள். எதிரே பிடிக்கவேண்டியவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அந்த இடத்தில் பள்ளிச் சீருடையோடு தங்கை வந்து நின்றாள்.

"நீ எங்கடி இங்க? ஸ்கூல் இல்ல?"

"மதியத்தோட வந்துட்டேன்."

"வயித்து வலியா?"

"ம்ஹும்."

"அப்ப முனையப் பிடி. சும்மா நிக்காத."

ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, பிறகு எதிரெதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம் தங்கை ஏதோ சொல்ல வாய் திறந்தாள். விரிப்பு கைமாறியதும் பின்னால் போய்விட்டாள். நான்காவது விரிப்பில் அக்கா முனையை விடவில்லை.

"மென்னு முழுங்காத. சொல்லித் தொலை."

"அடிக்க மாட்டேன்னு சொல்லு."

"விஷயத்தப் பொறுத்து."

"உனக்குக் கணக்கியல்ல ஒரு வருஷப் படிப்புக்கு சீட்டு குடுத்தாங்கல்ல, அந்தக் காலேஜ்லேருந்து முந்தாநாள் போன் வந்துச்சு. டிகிரில நீ கணக்கு ரெண்டு பேப்பர் பாஸ் பண்ணியிருக்கேல்ல, அந்த மார்க் லிஸ்ட்ட நாளைக்குள்ள கொண்டாரணுமாம்."

"நான் எங்கடி கணக்கு படிச்சேன்? நான் படிச்சது பாட்டு."

"உன் காலேஜ் பாரத்த நான் பூர்த்தி பண்ணும்போது போன்ல கேட்டேனே. 'டிகிரில கணக்கு இருந்துச்சா'ன்னு. நீதான் சொன்ன, 'ரெண்டு பேப்பர் இருந்துச்சு, உசுர வாங்கிட்டாங்க'ன்னு."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. இதே இரைச்சலுக்கு நடுவில், போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு சொன்னதுதான்.

"அடிப்பாவி! அது தாளக் கணக்குடி!" ஈரக் கையால் தொடையில் தட்டிக் காட்டினாள். "எங்க எடுத்து எங்க கொண்டுபோய் முடிக்கணும்னு... அந்தக் கணக்கு!"

"எனக்கென்ன தெரியும்? கணக்குன்னா கணக்குதானே." தங்கையின் உதடு கோணியது. "பொய் சொல்லிச் சேர்ந்தன்னு உன்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாங்களாக்கா? ரெண்டு ராத்திரியா தூங்கல."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. அதே படிப்புக்கு இன்னொரு கல்லூரியும் அவள் விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தது. எந்தப் பட்டம் படித்தவரையும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இரண்டு வருஷம். முதல் வருஷம் முழுக்க அடிப்படைப் பாடம். ஒரு வருஷத்தில் முடியும் சீட்டு கிடைத்த குஷியில் அதை விட்டுவிட்டாள். அங்கே சேர்க்கை இன்று ஐந்து மணியோடு முடிகிறது. அதுவும் போனால் இன்னொரு வருஷம் இந்த ஆவியில்தான்.

மேஸ்திரியிடம் போனாள். "அண்ணே, அரை நாள் வேணும்."

"சம்பளம் போகும். என்ன, பாட்டுக்காரம்மாவுக்குக் கச்சேரியா?"

"ஆமாண்ணே. அஞ்சு மணிக்கு மேடையப் பூட்டிருவாங்க."

வீட்டுக்குப் போய்ச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதல் கல்லூரிக்குப் போன் போட்டாள். "சார், அது தாளக் கணக்கு. தப்பா எழுதிட்டோம். சீட்டை வேற யாருக்காவது குடுத்துருங்க." தங்கை முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா சொன்னாரு?"

"'தாளமா'ன்னு ஒரு தடவ கேட்டாரு. அப்புறம் சிரிச்சுட்டாரு."

"கேஸு?"

"உன் மூஞ்சிக்குக் கேஸு ஒண்ணுதான் கொறச்சல்."

இரண்டாவது கல்லூரி அலுவலகத்தில் நுழைந்தபோது மணி நாலரை. கவுண்டரில் இருந்த அம்மாள் பட்டச் சான்றிதழைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்தார்.

"பாட்டா?"

"ஆமா மேடம்."

"இது ஏம்மா அழுதுட்டு நிக்குது?"

அக்கா நடந்ததைச் சொன்னாள். அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து பார்த்தார்.

"போன வருஷம் மீன் வளர்ப்பு படிச்ச ஒருத்தர் வந்தாரு. அதுக்கு முந்தி சமையல் படிச்ச பொண்ணு. முதல் வருஷம் முட்டி மோதுவாங்க, ரெண்டாம் வருஷம் நேரா நடந்துருவாங்க. பாட்டுக்கு மட்டும் என்ன கேடு?" முத்திரையை மையில் அழுத்தி, பாரத்தில் ஓங்கிக் குத்தினார்.

தங்கை மூச்சு விட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் பிடித்துக்கொண்டது. அக்கா அவள் காதைத் திருகினாள். வலிக்கும்படி இல்லை.

"இப்பத்தான் உசுரு வந்துச்சா கழுதை? போய்த் தண்ணி குடி."

அம்மாள் பாரத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "கணக்கு எழுதின அனுபவம் இருந்தா முதல் வருஷத்துல நாலு பாடம் விட்டுருவோம். எங்கம்மா வேலை?"

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல. விரிப்பு மடிக்கிறேன். ஷிப்ட் முடிஞ்சதும் துணி இருப்பு, சோப்பு பில்லு, நாப்பது பேர் சம்பளப் பட்டியல், எல்லாம் நான்தான் எழுதுவேன். அஞ்சு வருஷமா."

"அட, அதுதானே வேணும்! அதுக்கெல்லாம் கீழ கையெழுத்து யாருது?"

"ஆபீஸ் சாருது."

"உன் பேரு எங்கயாவது இருக்கா?"

அக்கா யோசித்தாள். "மடிக்கிறவங்க பட்டியல்ல இருக்கு மேடம்."

"அத்தாட்சி இல்லாம நாலு பாடத்த விட முடியாதும்மா" என்றார் அம்மாள். பிறகு 'அனுபவம்' என்றிருந்த கட்டத்துக்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு இழுத்து, பாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா பேனாவை வாங்கினாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. கோட்டுக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.