எப்ப கொண்டுபோய் விடுவீங்க

சனிக்கிழமை காலை துவைத்து மடித்த துணிகளை மகளின் அலமாரியில் வைக்கப் போன அம்மா, தட்டு காலியாக இருப்பதைப் பார்த்தாள். இந்த வீட்டில் வாங்கிக் கொடுத்த உடுப்புகளெல்லாம் கட்டில்மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில், குழந்தைகள் விடுதியிலிருந்து கொண்டுவந்த பழைய பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்ததை மட்டும் எடுத்து வைத்திருந்தாள். அதில் பாதி இப்போது அவளுக்குப் பத்தாது. அம்மா சத்தம் போடவில்லை. போய்க் கணவரை அழைத்துவந்தாள்.

பத்து வயதுப் பெண் அவள். தத்தெடுத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. இத்தனை நாளில் ஒரு அடம், ஒரு அழுகை கிடையாது. சாப்பிட்ட தட்டை யாரும் சொல்லாமலே கழுவி வைப்பாள். அவள் அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக்; அவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கவே அனுமதி கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளை வீட்டில் இருக்கிற மாதிரி இல்லை, வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கிறாள் என்று இரண்டொரு தடவை சொல்லியும் பார்த்தாள். மெக்கானிக்குக் காதில் ஏறவில்லை. ஒழுங்கில் என்ன குறை என்று கேட்டார். அவரே அப்படிப்பட்ட ஆள்தான். சபைச் செயலாளர், ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். படுக்கப்போகும்முன் முழங்காலில் நின்றால், வேலைக்குப் போய்வந்தவர் முதலாளியிடம் விவரம் சொல்வதுபோல அன்றைக்குச் செய்தது, தவறியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். எழுந்திருக்கும்போது என்றைக்கும் ஒரு சின்ன பயம் மிச்சமிருக்கும். பக்தி என்றால் அந்தப் பயம்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப கொண்டுபோய் விடுவீங்க?"

"எங்கம்மா?"

"விடுதியில."

அம்மா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பையைப் பிடுங்கவில்லை. அதன் ஜிப்பைத் திறந்து, பத்தாத கவுனை எடுத்து, தன் மடியில் விரித்து நீவி வைத்தாள். பிறகு அடுத்தது. எதுவும் கேட்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். சபையில் நாலு பேருக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் பேசக்கூடிய மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் வாயில் வந்தது யோசித்து வைத்த எதுவுமில்லை.

"நீ நல்ல பிள்ளைங்கிறதுக்காக உன்னக் கூட்டிட்டு வரல. அப்ப நீ யாருன்னே எங்களுக்குத் தெரியாது. கூட்டிட்டு வந்தாச்சு. அவ்வளவுதான். நீ என்ன பண்ணியிருந்தாலும் அது மாறாது."

பை காலியானதும் மகள் அதன் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு சொன்னாள். போன வாரம் பாட்டு ஒத்திகைக்குப் போயிருந்தபோது, பெரியவர்கள் வெளியே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், ஆலயத்துக் கீபோர்டை மூடியிருந்த துணியைத் தூக்கி ஒரு விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறாள். கையிலிருந்த ஜூஸ் அதன்மேல் கொட்டிவிட்டது. பாவாடையால் துடைத்துவிட்டுத் துணியை மறுபடி போர்த்தி வைத்துவிட்டாள்.

மெக்கானிக்குக் கோபம் வரும் என்று மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. கீபோர்டு ஊமையாகிக் கிடந்தது. கட்டையெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. ஆலயத்தைப் பெருக்கித் துடைக்கிறவரிடம்தான் சாவி இருக்கும். ஒரு காலத்தில் தெருவில் விழுந்து கிடந்த குடிகாரர். எல்லாவற்றையும் விட்டு ஞானஸ்நானம் பெற்று வருடக்கணக்காகிறது. அவரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி, "மறுபடியும் குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டது மெக்கானிக்தான். பழைய புத்தி எங்கே போகும் என்று முணுமுணுத்ததும் அவர்தான். அந்த மனிதர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மகள் அப்போது அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நான் அவர்கிட்டச் சொல்லணும்" என்றாள் இப்போது.

நாளைக்கு ஆலயத்தில் பார்த்துச் சொல்லலாமே என்றாள் அம்மா. அவர்தான் நாளைக்கு வரமாட்டாரே என்றாள் மகள். சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டாள். சற்றுமுன் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த பிள்ளை. போய்ச் சொல் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மெக்கானிக் ஆலயத்துச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார். அவள் முன்னால் வேகமாகப் போனாள். அவர்தான் பின்தங்கிக்கொண்டே வந்தார். தான் சொன்னது காதிலேயே நின்றது: நீ என்ன பண்ணியிருந்தாலும் அது மாறாது. அதைச் சொன்ன குரல் தன்னுடையது மாதிரியே அவருக்குத் தோன்றவில்லை.

டயர் கடைக்கு மேலே, பின்பக்கப் படி ஏறினால் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, முதலில் சின்னவளைப் பார்த்து "வாம்மா" என்றார். பிறகுதான் "வாங்க பிரதர்" என்றார். உட்காரும்வரைகூட மகள் காத்திருக்கவில்லை.

"நான்தான் கொட்டினேன் அங்கிள். ஜூஸ். முதல்ல தெரியாமக் கொட்டிடுச்சு. அப்புறம் உங்களத் திட்டுனப்போ தெரிஞ்சும் சொல்லல. சாரி."

அவர் அவள் உயரத்துக்குக் குந்தினார். "நல்லா வாசிப்பியா?"

"இல்ல. ஒரு விரலாலதான்."

"அந்த ஒரு விரலுகூட எனக்கு வராது" என்று சிரித்தார்.

மெக்கானிக் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். எல்லாருக்கும் முன்னால் கேட்டதை எல்லாருக்கும் முன்னால் தப்பென்று சொல்லப்போவதாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். சொல்லச் சொல்ல வார்த்தைகள் கோணிக்கொண்டு போயின. அவர் நிறுத்தும்வரை அந்த மனிதர் காத்திருந்தார்.

"நீங்க கேட்டப்ப எனக்குக் கோவம் வரல பிரதர். அதுதான் பயமா இருந்துச்சு. ஒருவேளை நான்தானோன்னு எனக்கே தோணிடுச்சு. பழைய ஆளு உள்ளதான் இருக்கானோன்னு."

அன்றைக்கு வீட்டுக்கு வருகிற வழியில் பழைய மதுக்கடை வாசலில் போய் நின்றதாகச் சொன்னார். காலுக்கு வழி மறக்கவில்லை.

"உள்ள போகல."

"எப்படிப் போகாம இருந்தீங்க?" உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்போல மெக்கானிக் கேட்டார்.

"தெரியல. என்கிட்ட அவ்வளவு பலம் கிடையாது. யாரோ பின்னாலேர்ந்து சட்டையப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் வந்து தூங்கிட்டேன்."

சாவியை அவர் எடுக்கவுமில்லை, திருப்பித் தள்ளவுமில்லை. நாளைக்கு வருவீர்களா என்று மகள் கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றார். எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் கெட்டிலை ஏற்றினார்.

மூலையில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் முக்கிக்கொண்டு ஓடியது. அடியில் கசியும் தண்ணீருக்கு ஒரு பழைய துணி போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. என்ன கோளாறு என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"விடுங்க பிரதர். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் அந்த மனிதர், திரும்பாமலே. "இன்னைக்கு உக்காருங்க. டீ குடிச்சிட்டுப் போலாம்."

மெக்கானிக் உட்கார்ந்தார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிடுவதா வேண்டாமா என்று தெரியாமல், கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். ஆவி பறக்க ஒரு கோப்பை அவர் கைக்கு வந்தது. பக்கத்தில் மகள் காலை ஆட்டிக்கொண்டே ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்றாள்.