பின்சில்லில் ஆறு கம்பி

மச்சான் சிவகரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், யோகநாதன் இந்த வயதில் சைக்கிள் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கவே மாட்டார். "அத்தான் இனி நெல்லு மூட்டைதான், உருட்டத்தான் ஏலும்" என்று அவன் கலியாணப் பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டான். பந்தியே சிரித்தது. அவனை ஒருமுறையாவது முந்தாவிட்டால் யோகநாதனுக்கு இனிச் சோறு இறங்காது.

சைக்கிளின் இரண்டு சில்லையும் கட்டுவது மனைவி கமலாசனியின் வேலை. பூவரசங்குளத்தில் தகப்பனின் சைக்கிள் கடையில் கம்பி கோத்து வளர்ந்தவள். யோகநாதனுக்கு வயலை விட்டால் வேறொன்றும் தெரியாது.

"இஞ்சேரும், சில்லுக்கு முப்பத்தாறு கம்பி பாரம். பதினெட்டுப் போடும். உம்மடை தம்பி சிவகரனும் அப்பிடித்தான் கட்டியிருக்கிறான்."

"முன்சில்லுக்குப் போடுறன். பின்சில்லுக்கு இருபத்துநாலு."

"ஏன்?"

"சில்லுக் கட்டுறது நான்."

தன் தொப்பை வண்டியை நினைத்துத்தான் சொல்கிறாள் என்று அவருக்குச் சுருக்கென்றது. உம்மென்று திரிந்தார். கரியர், மட்காட், மணி எல்லாவற்றையும் கழற்றி மூலையில் போட்டார்.

புத்தாண்டு விளையாட்டு விழாவில் உயிரைக் கொடுத்து மிதித்தார். கடைசிக் கோட்டில் சிவகரன் அரைச் சில்லு முந்திவிட்டான். அவனுக்குக் கப், இவருக்கு ஒரு பிளாஸ்ரிக் வாளி.

"அந்த ஆறு கம்பிதான் என்னைக் கவிட்டது" என்றார் யோகநாதன்.

"ஓம், அதுதான்" என்றாள் கமலாசனி. வாளியைக் கையில் கொழுவிக்கொண்டு, வழக்கம்போல முன்பாரில் ஏறி அமர்ந்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுடைய இடம் அதுதான். கரியரில் இருந்தால் முகம் பார்த்துக் கதைக்க ஏலாதாம்.

"ஐயோ இறங்கும், சில்லு தாங்காது!"

"தாங்கும். முன்பாரிலை இருந்தாலும் பாரம் கூட விழுறது பின்சில்லிலைதான். உங்களுக்குப் பதினெட்டுக் காணும். மிச்ச ஆறும் எனக்கு. போட்டி முடிய நான் நடந்தே வீட்டை வாறது?"

யோகநாதனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவளுக்காக இன்னும் எத்தனை வாளி வேண்டுமானாலும் வாங்கலாம் போலிருந்தது.

வாய்க்கால் வீதியில் சிவகரன் ஒரு கையில் கப்பும் மறு கையில் பதினெட்டுக் கம்பிச் சைக்கிளுமாக நடந்துகொண்டிருந்தான். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி, அவனைத் திட்டித் திட்டி மனைவியும் கூடவே நடந்தாள்.

"மச்சான், ஒதுங்கும்!" என்று கத்தினார் யோகநாதன்.

மணிதான் இல்லையே. கமலாசனி வாளியில் தட்டினாள்.