நிறுக்காத துணிகள்

என் மகன் கலாஃபியின் பிள்ளை ஏழாம் மாதமே பிறந்துவிட்டான். மருமகள் வயிற்றில் தண்ணீர் அளவுக்கு மீறி இருந்ததாம். முதல் பிள்ளைக்கும் இப்படித்தான். பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. ஏன் போனது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதிலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களோடு நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் இவனும் நாளுக்கு நாள் வற்றினான்.

"ஒன்னுக்கு அளவாத்தான் போறான். அப்புறம் ஏன் எடை இறங்குது?" என்றாள் டாக்டர் வைனிகோலோ. மூன்று மணி நேரத்துக்கொரு தடவை நர்ஸ் ஈரத்துணியைத் தராசில் வைத்து மூத்திர அளவை எழுதிக்கொள்வாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் என் மூத்த மகள் லோசலினே இருந்தாள். எங்கள் தொங்கா தீவில் தம்பி பிள்ளைக்கு அத்தைதான் எல்லாம். பெற்றவனே அவள் பேச்சைத் தட்டமாட்டான்.

"தம்பி புள்ள ஈரத்துல கெடந்தா ஊரு என்னைத்தான் காறித் துப்பும்" என்று நனைந்தவுடன் மாற்றிவிடுவாள். ஈரத்துணி அவள் பைக்குள் போகும். நர்ஸ் வரும்போது கடைசித் துணி ஒன்றுதான் மிஞ்சும்.

சனிக்கிழமை எங்கள் கொடியில் பத்தொன்பது துணி தொங்கின.

"ஏம்மா, குருவி அளவு இருக்கான், இவ்ளோ மூத்திரமா?" என்றேன் லோசலினேயிடம்.

"ஆம்பளப் புள்ளப்பா, அடிக்கட்டும்!"

நானும் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

ஞாயிறு எங்களுக்கு ஓய்வு நாள், துவைக்கக் கூடாது. துணிகள் வாளியில் சேர்ந்தன. திங்கள் காலை வாளியைத் தூக்கினேன், கை இழுத்தது. அப்படியே கொண்டுபோய் டாக்டர் முன் வைத்தேன்.

நிறுத்துப் பார்த்தவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயா, ஒரே நாள்ல தன் எடையில மூணுல ஒரு பங்கு மூத்திரமாப் போயிருக்கான். இவன் சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வைக்கல. உப்போட தண்ணியும் ஓடிருது. தாய் வயித்துல நின்ன தண்ணியும் இவன் மூத்திரம்தான். இந்தக் கோளாறு தாய்கிட்ட பாதி, தகப்பன்கிட்ட பாதி இருந்திருக்கு; அவங்களுக்கு ஒன்னும் செய்யாது. ரெண்டும் ஒரே புள்ளைக்கு வந்துருச்சு. மொதப் புள்ளைக்கும் இதான் இருந்திருக்கும்."

"சனிக்கிழமையே சொல்லியிருந்தா?"

"இப்ப அதைக் கேக்காதீங்க."

உப்பும் தண்ணீரும் நரம்பு வழியாக ஏற்றினாள். மூத்திரத்தைக் குறைக்க மருந்தும் இருக்கிறதாம், கொஞ்சம் தேறிய பிறகுதான் கொடுக்கலாம் என்றாள். செவ்வாய் மத்தியானம் இருதயம் நின்றுவிட்டது.

சாவு வீட்டில் பிள்ளையின் தலைமாடு அத்தைக்குரிய இடம். துக்கத்துக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நல்ல பாய்கள் அவளுக்கு. லோசலினே கீழ்ப்பட்ட உறவுக்காரியைப் போல முடியை வெட்டிக்கொண்டு, கிழிந்த பாயை இடுப்பில் சுற்றி, கொல்லையில் அடுப்பூதுகிறவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சு வா. உன் இடம் அங்க."

"தம்பி வந்து கூப்பிடட்டும்பா."

கலாஃபி காதில் அது விழுந்தது. அவன் குழிவெட்டப் போனவர்களைப் பார்க்கப் போய்விட்டான்.