ஃபிரிட்ஜ் உதைத்த சர்க்யூட்

எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பல மாதங்கள் ஆகிவிட்டன. என் தங்கை அதைப் பிடித்துக்கொண்டாள். கேட்டால் ஆராய்ச்சி என்பாள். மேசை நிறைய ஒயர், நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சர்க்யூட், பக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து இரவல் வாங்கி வந்த சின்னத் திரை. சர்க்யூட்டுக்குள் நடப்பது அந்தத் திரையில் பச்சைக் கோடாக ஓடும். நானும் என் கணவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டபடி அதைப் பார்ப்போம். கோடு சுற்றும், வளையும், திரும்பி வரும். போன வழியில் மட்டும் மறுபடி போகாது.

"இதுக்குப் பேர்தான் கேயாஸ், ஒழுங்கில்லாத குழப்பம்," என்றாள் தங்கை.

"தெரியும். சனிக்கிழமை எங்க கிளினிக்குக்கு வந்து பாரு," என்றேன். நான் பல் டாக்டர்.

"விளையாடாதக்கா. மத்த சிஸ்டத்துல எல்லாம் சமநிலைப் புள்ளின்னா பென்சிலை முனையில நிக்க வைக்கிற மாதிரி. நிக்கவே நிக்காது, அதனாலதான் அந்த ஆட்டம். என்னோடதுல அந்தப் புள்ளி கெட்டியானது. பக்கத்துல விட்டா போய் உக்காந்துக்கும். சரியான தூரத்துல விட்டா ஆயுசுக்கும் உக்காராது. ரெண்டும் ஒரே சர்க்யூட்டுக்குள்ள."

இதைக் காகிதத்தில் நிரூபித்துவிட்டாள். இனி கண்ணெதிரே காட்ட வேண்டும். காட்டினால்தான் டாக்டர் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை. வேலை தருவதாகச் சொன்ன இடமோ இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்காது. ஆனால் அவள் சர்க்யூட் உட்காரவே மாட்டேன் என்றது. சுவிட்சைப் போட்டால் கொஞ்ச நேரம் கோடு அடங்கும், அவள் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், அதற்குள் தையத்தக்கா என்று ஆட ஆரம்பித்துவிடும். ஆட்டம் மட்டும் போடும் சர்க்யூட் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறதாம், அதற்கெல்லாம் பட்டம் தர மாட்டார்களாம். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே அதுதான்.

இதற்கிடையில் எனக்கு வேறொரு போர். என் கணவர் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதன் மோட்டார் ஓடத் தொடங்கினால் அலமாரியில் டம்ளர்கள் நடுங்கும், விளக்கு ஒருமுறை மங்கி எரியும். மாற்றலாம் என்றால் "நல்லாத்தானே ஓடுது" என்று ஒற்றைக்காலில் நிற்பார். தங்கையின் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, முந்தைய நாள் காலை, அவர் வேலைக்குப் போனதும் புதியதை வரவழைத்துப் பழையதைக் கடைக்காரரிடம் தள்ளித் தலைமுழுகினேன். புதியது இருக்கிற இடமே தெரியவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

சாயங்காலம் தங்கை சுவிட்சைப் போட்டாள். கோடு லேசாக ஆடி, அடங்கி, அசையாமல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அக்கா, உக்காந்துடுச்சு," என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். உட்கார்ந்தது. இன்னொரு முறை போட்டாள். பெட்டிப் பாம்பாக அடங்கிக் கிடந்தது. அவள் முகம் வெளிறியது. இப்போது அது ஆட மறுத்தது. ஒரு பேட்டரியால் தொட்டுப் பார்த்தாள், மேசையைத் தட்டினாள், திட்டினாள். எல்லாவற்றுக்கும் ஒருமுறை நெளிந்துவிட்டுப் பழையபடி உட்கார்ந்தது. என் நாற்காலியில் சாய்ந்ததும் நோயாளிகள் "இப்ப வலியே இல்ல டாக்டர்" என்பார்களே, அந்த ரகம்.

வழிகாட்டிக்கு ஃபோன் செய்தாள். "பார்க்கலாம்" என்றார்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது என் கணவர் வந்தார். தண்ணீர் எடுக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என் ஃபிரிட்ஜ் எங்க?"

நான் வாயைத் திறக்குமுன் தங்கை தலையைத் தூக்கினாள். புதிய ஃபிரிட்ஜைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

"அக்கா, பழைய ஃபிரிட்ஜோட பிளக் எதுல இருந்துச்சு?"

"உன் சர்க்யூட் இருக்கே, அதே பிளக் பாக்ஸ்லதான்."

"அப்ப இத்தனை மாசமா அது தானா ஆடல. உக்காரப் போறப்பல்லாம் ஃபிரிட்ஜ் உதைச்சு எழுப்பியிருக்கு."

அந்த உதையின் அளவு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. அளந்து கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும், வைவாவோ மறுநாள். என் கணவர் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பழையதை மீட்கக் கடைக்குக் கிளம்பினார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றது. காலையிலேயே அதைக் கொண்டுபோய், சர்க்யூட் இருந்த பாக்ஸிலேயே பிளக்கை மாட்டியிருந்தார் என் கணவர். பேராசிரியர் பார்க்கலாம் அதை ஏற இறங்கப் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் கோடு அசையாமல் நின்றது.

"இதுதான் சமநிலை. சரி, கேயாஸ் எங்க?" என்றார்.

"மோட்டார் ஓடணும் மேடம். அதுவா ஓடும்."

காத்திருந்தோம். முன்வரிசையில் பேராசிரியர்கள், பின்வரிசையில் நாங்கள். படித்தவர்கள் இத்தனை பேர் ஒரு ஃபிரிட்ஜைக் கண்கொட்டாமல் பார்த்து நான் கண்டதில்லை. கடைசியில் என் கணவர் எழுந்து போய், "கதவைத் திறந்து வெச்சா சீக்கிரம் ஓடும்," என்று திறந்து வைத்தார். உள்ளே எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது.

மோட்டார் உறுமியது. விளக்கு மங்கி எரிந்தது. கோடு துள்ளி எழுந்து ஆடத் தொடங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், அந்த அம்மாளைத் தவிர.

"இது உங்க சர்க்யூட்டோட ஆட்டமா, ஃபிரிட்ஜோட ஆட்டமாம்மா? ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குங்க."

கோடு உட்கார்ந்துவிட்டால் இத்தனை மாதமாக அவள் பார்த்தது வெறும் ஃபிரிட்ஜின் நடுக்கம். பட்டம் கிடையாது, வேலை கிடையாது. தங்கை ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் கையாலேயே பிடுங்கினாள்.

ஃபிரிட்ஜ் குலுங்கி ஓய்ந்தது. கோடு ஆடிக்கொண்டிருந்தது. தள்ளிவிட யாருமில்லாமல், தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். என் கணவர் கைக்குட்டையைத் தந்தார், அவருக்கும் அது வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் வெகுநேரம் திரையையே பார்த்துவிட்டு, ஆய்வேட்டை மூடித் தங்கையிடம் திரும்பினார்.

"ஒரே ஒரு திருத்தம். சர்க்யூட் படம் முழுசா இல்ல. ஃபிரிட்ஜையும் சேர்த்து வரைஞ்சு கொடுத்துடுங்க, டாக்டர்."